பதுளையில் நான் ஃபோர்த் விற்ற கதை

சேலை விற்கிறவருக்கு, வருகிறவர்கள் விலையைக் குறைக்கச் சொல்வார்களே என்று கவலை. கம்ப்யூட்டர் மொழி விற்கிறவளுக்கு, ஒருத்தராவது வந்து விலை கேட்க மாட்டாரா என்று கவலை. டியூஷன் சொல்லித்தர டியூட்டரி திறந்துவிட்டு வாசலையே பார்த்துக் கொண்டிருந்தவர்களே, இன்சூரன்ஸ் பிடிக்கப் போய் நாய் துரத்த ஓடிவந்தவர்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பதுளைக் கடைத்தெருவில் ஒரு ஹாஜியாரின் புடவைக்கடை மாடியில் எனக்கு வேலை. லண்டனில் இருந்த அவருடைய மருமகன், மலிவாகக் கிடைத்தது என்று சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் சிலதை அனுப்பியிருந்தார். டிவியில் மாட்டினால் வேலை செய்யும். கொழும்பில் எல்லாரும் ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துக் கொண்டிருந்தார்கள். எங்கள் பெட்டிகளுக்கோ ‘ஃபோர்த்’ என்ற மொழியைத் தவிர எதுவும் தெரியாது. கூட வந்த புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்து நானே கற்றுக்கொண்டு டீச்சர் ஆகிவிட்டேன். படிக்கத்தான் ஆள் இல்லை.

“மகள், தீபாவளிச் சரக்கு வாறதுக்குள்ள ஆள் நெறயணும். இல்லாட்டி மாடி சேலைக்குத்தான்” என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். மடுல்சீமையில் தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பா, அதற்குள் எனக்குப் புள்ளக்காம்பராவில் வேலை பேசிவிட்டார். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. தொட்டில் ஆட்டுவது கேவலம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு வேண்டாம், வேண்டவே வேண்டாம், அவ்வளவுதான். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். சத்தம் நின்றுபோனால் ஜன்னலுக்கு ஓடுவேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து சோறு தின்ற ஞாபகமே இல்லை.

பெயரிலேயே வில்லங்கம்

முதலில் ஒரு போர்டு வேண்டுமே. பெயின்டரிடம் துண்டுக் காகிதத்தில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போர்டு மாட்டிய அன்றே படியேறி ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. “ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவதெல்லாம் எங்க சொல்லித் தாறாங்க மிஸ்? அத முடிச்சிட்டுத்தானே நாலாவதுக்கு வரணும்” என்றார்.

கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன். ஃபோர்த் என்ற சொல்லுக்கு நடுவில் ஒரு ‘யூ’ குந்திக்கொண்டிருந்தது. நாலாவது ஆகிவிட்டது என் மொழி! பெயின்டரைப் பிடித்துக் கத்தினேன். அந்த மனுஷன் சாவகாசமாகத் தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஒரு எழுத்த விட்டுட்டீங்க மிஸ். பரவால்ல, காசு வேணாம், நானே போட்டுட்டேன்.”

பசறையில் பாட்டுக் கச்சேரி

ஆள் வராவிட்டால் நாம்தான் போக வேண்டும் என்று, தோட்டத்துச் சம்பள நாளுக்கு மறுநாள் பசறைக்குப் போனேன். வளைவுக்கு வளைவு டிவிப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு பஸ் பயணம். ஒரு ரேடியோக் கடை வாசலில் எல்லாவற்றையும் பரப்பினேன். நல்ல கூட்டம். எங்கள் பெட்டிக்குள் புரோகிராம் ஏற வேண்டுமென்றால் கெசட்டைப் போட்டு டேப் ரெக்கார்டரை ஓடவிட வேண்டும். அது கீ... கிர்ர்... என்று கத்தும். பாதியில் நின்றுவிடும். மறுபடியும் முதலில் இருந்து கத்தவிட வேண்டும்.

கத்தவிட்டேன், மறுபடியும் கத்தவிட்டேன். ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள். மரக்கறிப் பையோடு கடைசிவரை நின்ற ஒரு அண்ணனைப் பார்த்து, இவராவது சேருவார் என்று ஆசையாகச் சிரித்தேன். அவர் கிட்ட வந்து இரக்கமாகச் சொன்னார்: “தங்கச்சி, டேப் ஹெட்ட கொஞ்சம் தொடச்சு விடுங்க, பாட்டு வரும்.”

மொழி என்று எழுதினால்

அடுத்து நோட்டீஸ். ‘புதிய மொழி! எளிதில் கற்கலாம்!’ என்று தமிழிலும் சிங்களத்திலும் அடித்து பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஒட்டினேன். தமிழா சிங்களமா என்று நாடே அடித்துக்கொண்ட அந்த வருஷங்களில் மொழி என்று சொன்னாலே ஊர் பயப்படும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. இருக்கிற மொழிகளால் பட்ட பாடு போதாதா, இவள் புதிதாக ஒன்று கொண்டுவருகிறாளே என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் பூட்ஸ் சத்தத்தோடு மேலே வந்தார். சிங்களவர், தமிழும் பேசுவார். “இது யாரோட பாஷை?” என்று கேட்டார். தீபாவளிவரை கூடப் போகாது, இன்றைக்கே மாடியைப் பூட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

வாயால் சொல்ல வராததால் செய்து காட்டினேன். 5 3 + என்று தட்டி, விடையைக் காட்டச் சொல்லி ஒரு புள்ளி வைத்தேன். 8 வந்தது. “கூட்டல் குறி எண்ணுக்குப் பின்னாலதான் வரும் சேர், கொஞ்சம் தலைகீழாத்தான் இருக்கும்” என்று வழக்கம்போல மன்னிப்புக் கேட்டேன். எல்லாரிடமும் அப்படிக் கெஞ்சித்தான் பழக்கம். அவர் திரையைப் பார்த்துச் சிங்களத்தில் வாசித்தார்: “பஹய், துனய், எகத்து கரன்ன.” இடறாமல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்சையும் மூணையும் கூட்டு! நாம் பேசுவதே அப்படித்தானே! வேலையைக் கடைசியில் சொல்வதுதானே நம் வழக்கம்! இங்கிலீஷ்காரனுக்குத் தலைகீழ் என்று அவன் புத்தகத்தில் எழுதினால், நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே ஒப்பித்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு சொன்னார்: “மிஸ், இது புது பாஷை இல்ல. நம்ம ரெண்டு பேரும் பேசுறதுதான். நோட்டீஸ்தான் பிழை.”

மரியாதை தெரியாத மெசின்

‘நீங்கள் பேசுகிற வரிசையிலேயே எழுதலாம்’ என்று நோட்டீஸை மாற்றினேன். ஆள் வந்தது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று கலந்துதான் வந்தார்கள். பண்டாரவளையில் இருந்து ஒரு பள்ளிக்கூட மாஸ்டரும் ரயிலேறி வந்தார்.

ஃபோர்த்தில் ஒரு வசதி, நமக்கு வேண்டிய சொல்லை நாமே உண்டாக்கிப் பெட்டிக்குப் பழக்கலாம். கூட்டல் குறிக்குப் பதிலாக ‘கூட்டு’ என்ற சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் உண்டாக்கிக் காட்டினேன். எல்லாரும் செய்தார்கள், மாஸ்டர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு யோசித்து யோசித்து அவர் ஒன்று தட்டினார். எட்டிப் பார்த்தால், ‘கூட்டுங்க’! அன்று வகுப்பு சிரித்த சிரிப்பில் ஹாஜியாரே கீழேயிருந்து ஏறி வந்துவிட்டார். மறுநாள் அதைக் கேள்விப்பட்டே புது ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அன்று மாஸ்டர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: “ஹாஜியாரோட மெசின் மிஸ், அத நீ வா போன்னா பேசுறது?”

அப்பா வந்தார்

சேலை மூட்டைகள் வந்து இறங்கிய அன்றே அப்பாவும் மடுல்சீமையில் இருந்து வந்து இறங்கினார், என்னைக் கூட்டிப்போக. மாடியில் இடமில்லை என்று ஹாஜியார் மூட்டைகளைப் படிக்கட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா அவற்றைத் தாண்டித் தாண்டி மேலே வந்தார். உள்ளே உட்காரவும் இடமில்லை. கதவோரம் நின்றே பார்த்தார். நான் தப்புத் தப்பாகத் தட்டினேன். யாரும் கவனிக்கவில்லை, அவரவர் சொல்லை அவரவர் உண்டாக்கிக் கொண்டிருந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவரை உட்காரவைத்து, ஃபோர்த் என்றால் என்ன, அது ஏன் தமிழ் மாதிரி என்று, ஊருக்கெல்லாம் சொன்னதை உயிரைக் கொடுத்துச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“நீ இங்கயே இரு தாயி, புள்ளக்காம்பராவுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிர்றேன். ஆனா தோட்டத்து லயத்துல யாரும் கேட்டா நீ டைப்ரைட்டிங் சொல்லிக் குடுக்கிறன்னுதான் சொல்லுவேன்.”

பதுளை, பசறை, பண்டாரவளை, போலீஸ் என்று எல்லாரையும் ஃபோர்த்தை ஒத்துக்கொள்ள வைத்த நான், மடுல்சீமையில் இன்றைக்கும் டைப்ரைட்டிங் டீச்சர்தான்.