அத்தை பார்த்த வீடுகள்

எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பலகையை மாட்டியபோது அத்தைதான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 'வீடுகள் வாடகைக்கு விட்டுப் பராமரிக்கப்படும்' என்ற வரிக்குக் கீழே அப்பாவின் பெயர் மட்டும் சிவப்பு எழுத்தில் இருந்தது. ஸ்டூலை விடாமலே அத்தை கேட்டாள், "இதுல நான் எங்கண்ணே இருக்கேன்?" அப்பா சுத்தியலோடு திரும்பினார். "நீயும் நானும் வேற வேறயா?"

அத்தை அப்பாவின் தங்கை. எழுபதுகளின் நடுவில் கணவரை இழந்து, மதுரையில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பம்பாய்க்கு மாற்றலாகிப் போனபோது சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் அதைச் சும்மா பூட்டி வைக்கவில்லை. ஒழுகிய இடத்தை அடைத்து, வெள்ளையடித்து, நல்ல குடும்பமாகப் பார்த்துக் குடிவைத்தாள். அதைக் கேள்விப்பட்டு, வெளியூரில் இருந்த வேறு சிலரும் தங்கள் வீடுகளை அவளிடம் ஒப்படைத்தார்கள். அதுவே அவளுக்குத் தொழிலானது. கொத்தனாரோடு மாடியேறி விரிசலைக் காட்டுவாள். பரவை வரைக்கும் பஸ்ஸில் தனியாகப் போய் வருவாள். அந்த நாட்களில் வீட்டுக்குள் அவள் குரலே சற்று உயர்ந்திருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

அப்பா வேலை பார்த்த மில் மூடியபிறகு, "ஓனருங்க ஆம்பளை பேச்சத்தான் மதிப்பாங்க" என்று சொல்லி அவரும் உடன் போக ஆரம்பித்தார். அப்புறம் வந்ததுதான் பலகை. பேசுவதெல்லாம் அப்பா, கூட்டிக் கழுவிவிடுவது அத்தை என்றானது. வீட்டிலோ அம்மாவுக்கும் அவளுக்கும் பேச்சே நின்றுபோனது.

ஒருநாள் காலையில் அப்பா சாப்பிடும்போது அத்தை வந்து நின்றாள். "பின்தெருவுல அந்தச் சின்ன வீடு காலியாத்தானண்ணே கெடக்கு. நான் அங்கன போயி இருந்துக்கிறேன். வாடகை குடுத்துருவேன்."

அப்பா இலையிலிருந்து தலை நிமிரவில்லை. "தனியா இருக்குற பொம்பளைக்கு வீடு விடுறதில்லைன்னு எல்லா ஓனருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். தங்கச்சின்னு உனக்கு மட்டும் எப்படி மாத்துறது?"

அவர் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தவள்போல அத்தை கொஞ்ச நேரம் நின்றாள். அப்பா இன்னொரு இட்லி கேட்டார்.

அந்த வாரமே அவள் மேலூருக்குப் போய்விட்டாள், கணவர் வழி உறவுக்காரர் வீட்டில் சமையலுக்கு. இன்று தொழிலை நடத்தும் என் தம்பி, அது அப்பா ஆரம்பித்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறான். அவள் போன புதிதில் வீட்டுக்காரர்கள் வந்தால் அவளைத்தான் முதலில் விசாரிப்பார்கள். "அவளுக்கு உடம்புக்கு முடியல" என்பார் அப்பா. அத்தை நல்ல திடமாகத்தான் இருந்தாள். நாற்பது வயதுகூட ஆகாமல், மேலூரில், அடுத்தவர் அடுப்படியை ஒட்டிய அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தாள்.