கண் ஒட்டிய ஈ

நேற்று மாலை பையன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியிலிருந்து ஓடி வந்தான். கொழுக்கட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. டாக்டரிடம் போகலாமா, போனால் இதற்கெல்லாமா வருவீர்கள் என்பாரா என்று யோசித்தபடியே, அவன் அடித்த ஈயைக் காகிதத்தில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடி போன்ற இறக்கை. முதுகில் வரிசையாகச் சாம்பல் நிற முக்கோணங்கள். மாட்டு ஈதான், அதில் பெரிய வகை; கடித்தால் வீங்கும், இரண்டு நாளில் வடிந்துவிடும். நிச்சயமாகவா என்று இன்னொரு முறையும் பார்த்தேன். விலங்கியல் படித்தது எனக்கு உதவியது இரண்டே தடவை. இது இரண்டாவது.

முதல் தடவை அருள்புரத்தில், ஒரு பனியன் கம்பெனியில். செல்போனில் கேமரா வராத காலம். பட்டம் வாங்கிய கையோடு செக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தைத்து வரும் பனியனை விளக்கடியில் விரித்து ஓட்டை, கறை பார்க்க வேண்டும். புதுத்துணி வாசம், மெஷின் எண்ணெய் வாசம், இரண்டுக்கும் நடுவே சாணி வாசம். முதலாளி தன் தோட்டத்திலேயே கம்பெனியைக் கட்டியிருந்தார். மாடு கட்டும் கட்டுத்தரையை மட்டும் நகர்த்தவில்லை. மாடுகளுக்கும் ஓவர்லாக் மெஷின்களுக்கும் இடையே ஒரு ஜன்னல்தான்.

அந்த ஜன்னலோரம் தைத்தவர் பாக்கியம் அக்கா. தூத்துக்குடிப் பக்கமிருந்து இரண்டு பெண் பிள்ளைகளோடு பிழைக்க வந்தவர். சில நாட்களாக அவர் தைத்த வெள்ளைப் பனியன்களில் மட்டும் கடுகளவு ரத்தக்கறை. ஊசி குத்திய விரலை மறைத்துக்கொண்டு தைக்கிறார் என்று சூப்பர்வைசர் அண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. நாளையிலிருந்து நீங்க வர வேண்டாங்க.”

வேலையைப் பிடுங்குவதையும் இத்தனை மரியாதையாகச் செய்ய எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

“கையப் பாருங்கண்ணே. ஒரு கீறல் இருக்கா?” என்று பத்து விரலையும் விரித்தார் அக்கா.

கறையைப் பார்த்துச் சொன்னவள் நான். ஜன்னல் விளிம்பில் செத்துக் கிடந்த ஓர் ஈயை எடுத்துக்கொண்டு போனேன்.

“அண்ணா, இது வீட்டு ஈ இல்லீங்க. அதுக்கு முதுகுல நாலு கோடு இருக்கும். இது இறக்கையில சாம்பல் பூத்தாப்புல புள்ளி இருக்குது பாருங்க. மாட்டு ஈயில சின்ன வகைங்க. ரத்தம் குடிச்சுட்டு வந்து பனியன் அடுக்குல உக்காருது. மேல துணி விழுந்தா நசுங்கிருது.”

“ஈ ரத்தம் குடிக்குமா கண்ணு?”

அவர் நம்பத் தொடங்கிய நேரம் பார்த்து, அதன் கண்களைக் கவனித்துத் தொலைத்தேன். இரண்டும் நடுவில் இடைவெளியின்றி ஒட்டியிருந்தன. அப்படி இருந்தால் ஆண். ஆண் ரத்தம் குடிக்காது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

“இது மட்டும் குடிக்காதுங்க. ஆண்.”

பாக்கியம் அக்கா என்னை முறைத்தார். “ஏ பிள்ள, நீ எனக்குப் பேச வந்தியா, அவருக்குப் பேச வந்தியா?”

அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கறை பட்ட அடுக்கைப் பிரித்தேன். அக்காவும் ஒவ்வொன்றாக உதறினார். ஒரு பனியனின் மடிப்பில் தட்டையாக ஒன்று ஒட்டிக் கிடந்தது. வயிற்றைச் சுற்றி ரத்தம் காய்ந்திருந்தது. கண்களுக்கு நடுவே தெளிவாக ஒரு சந்து.

“இது பொம்பள ஈங்க” என்றேன்.

சூப்பர்வைசர் அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். “முதலாளிகிட்ட மாட்டை நகர்த்தச் சொல்ல முடியாதுங்க. மெஷினை நகர்த்திக்கலாம். அக்கா, நாளைக்கு நேரமே வந்துருங்க.”

அவர் போனதும் அக்கா கேட்டார்: “அப்ப ஆம்பள ஈ என்னதான் செய்யும்?”

“பூவுல தேன் குடிச்சுட்டுத் திரியுங்கக்கா.”

“எங்க வீட்டுக்காரரு மாதிரி.”

போன மாதம் அந்த வழியே போனேன். கட்டுத்தரை இருந்த இடத்தில் நூல் குடோன். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தி பேக்கரியில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் யாரையும் வர வேண்டாம் என்று சொல்வதில்லையாம். வேலையை விட்டு எடுத்தவர்களின் நிறுத்தத்தில் காலையில் கம்பெனி வேன் நிற்காமல் போய்விடுமாம். எந்தத் துணியில் என்ன கறை என்று கேட்கக்கூட எதிரே ஆள் இல்லை.