காரிமங்கலம் சந்தையில் நீலம் படிந்த தக்காளி

அடைமழை விட்ட நவம்பர் வாரத்தில் வத்தல்மலை பார்க்கலாம் என்று சேலத்திலிருந்து கிளம்பினோம், நானும் நண்பர் தினேஷும். போகிற இடமெல்லாம் வீடியோ எடுத்துப் போடுகிறவர் அவர். முதலில் காரிமங்கலம் வாரச்சந்தை, பிறகு மலை. தருமபுரியிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். உட்கார இடமும் கிடைத்தது, அதுவரைக்கும் நல்ல நாள்தான்.

சந்தையில் மாதம்மாள் என்ற விவசாயி நான்கு கூடைத் தக்காளியோடு உட்கார்ந்திருந்தார். காம்பருகே லேசாக நீலம் படிந்திருந்தது. தினேஷ் ஒரு பழத்தை எடுத்துக் கேமரா முன் நீட்டி, "பாருங்க மக்களே, விஷத்த அப்படியே விக்கிறாங்க!" என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் பையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"காப்பர் மருந்துங்க அது. மழையில எலயெல்லாம் புள்ளி வுழுந்து காஞ்சிபோச்சி. அடிச்சி பத்து நாளாவுது, கழுவுனா போயிருங்க" என்றார் மாதம்மாள். யார் காதில் விழுந்தது?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிர்நோய் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் நான். அங்கே கத்திச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அந்தப் புள்ளிநோய்க்குக் காரணம் பாக்டீரியா. இலை ஈரமாகும்போது மருந்திலிருந்து செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பாக்டீரியாவுக்குள் போகிறது. போனதும் அங்கிருக்கும் ஆக்சிஜனை எதையும் அரிக்கிற வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. சவ்வு, புரதம், மரபணு என்று எல்லாம் சிதைகிறது. சமாளிக்க முடியாத அளவுக்குப் போனதும் பாக்டீரியா செத்துப்போகிறது. செம்பு பெரும்பாலும் மேலேயே தங்குவதால்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. கணக்கில்லாமல் அடித்தால் மண் கெடும், பாக்டீரியாவும் பழகிக்கொள்ளும். அதைப் பேசுங்களேன், யார் வேண்டாம் என்றது?

வீடியோவை அழிக்க வைத்தேன். அழித்து என்ன பயன்? மதியம் வரை மூன்று கூடை அப்படியே கிடந்தது. மலைக்குப் போகும் ஆசையே எனக்கு விட்டுப்போயிற்று.

இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு, அடுத்த தடவை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கலரு தெரியாத மருந்து கடையில இருக்குதாமுங்க. அதயே அடிச்சிக்கறன். ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அது என்ன மருந்து, பழத்துக்குள் எத்தனை நாள் நிற்கும் என்பது அவருக்கும் தெரியாது, தின்கிற நமக்கும் தெரியாது. சந்தைக்குப் போகிறவர்களே, நீலத்தைக் கண்டால் எப்போது அடித்தது என்று மரியாதையாகக் கேளுங்கள், வீட்டில் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு கறைகூட இல்லாமல் பளபளக்கும் பழத்தை விற்கிறவரிடம் அதே கேள்வியைக் கேட்க உங்களில் எத்தனை பேருக்குத் தோன்றும்?