ஜீப்புக்கு எண்ணெய்க் குளியல்

ஜீப்பு மெக்கானிக் வண்டியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும் என்று எவனாவது சொன்னால் அவனை என் ஷெட்டுக்கு அனுப்புங்கள், நாலு வாங்கிக்கொண்டு போகட்டும். ஸ்பானர் பிடித்த அண்ணாச்சிமார்களுக்குத் தெரியும், மல்லுக்கட்டு வண்டிக்காரர்களோடுதான். ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் எனக்கு வாய்த்தவர், காட்டில் மரம் வெட்டி இறக்கும் ஒரு கூப்புக் காண்டிராக்டர். பண்பொழிக்காரர். மலை வேலைக்கென்று, பட்டாளத்தில் கழித்த ஜீப்பு ஒன்று வைத்திருந்தார்.

மூலிகைத் தண்ணி

சாரல் சமயம். அவருடைய டிரைவர் இசக்கி வண்டியைக் கொண்டுவந்தான். பின் அச்சு நடுவில் உருண்டையாக இருக்குமே, கிரவுன், அதன் அடி நட்டைக் கழற்றினேன். கறுப்பாக ஆயில் வரவேண்டிய இடத்தில் பால் காப்பி மாதிரி ஒழுகுகிறது! முன் அச்சிலும் அதே கதை. மலையிலிருந்து கொதிக்கக் கொதிக்க இறங்கிய வண்டியை நேரே குற்றாலத்து ஆற்றில் அச்சு முங்க நிறுத்திக் கழுவினால், தண்ணியை உள்ளே உறிஞ்சாமல் என்ன செய்யும்? ஆயில் நீர்த்தால் உள்ளே கியர் பல் தேயும். "அறிவு இருக்காலே ஒனக்கு?" என்று கத்திவிட்டேன். இசக்கி தலையைச் சொறிந்தான்.

"மொதலாளிதான் இறக்கச் சொல்லுதாரு அண்ணாச்சி. மூலிகைத் தண்ணியாம், வண்டிக்கும் நல்லதாம். மாட்டேன்னா வேற டிரைவர் பாத்துக்கிடுவாராம்."

சூடு தணிய

இரண்டு அச்சையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது கியர் ஆயில் ஊற்றி, "தண்ணிக்குள்ள இறங்கினா மறுபடி இங்கன வரணும்" என்று சொல்லி அனுப்பினேன். வந்தார்களா? ஒரு மாதம் கழித்துக் காண்டிராக்டரே வந்தார், பின்னால் ஏதோ உறுமுகிறதாம். மேல் நட்டைத் திறந்தேன். எள் வாசம்! ஆயிலை இறக்கிவிட்டு, இவரே செக்கு நல்லெண்ணெயை ஊற்றியிருக்கிறார். "இப்பவே மாத்தணும்வே. இறக்கத்துல பல்லு ஒடஞ்சா இசக்கி உசிரு போயிரும்" என்றேன். கூப்புக்கு நேரமாச்சு என்று ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"மனுச ஒடம்புச் சூட்டையே நல்லெண்ணெய் இறக்குது, இந்த இரும்புச் சூடு எம்மாத்திரம்வே?"

கிழமை

அடுத்த வாரமே மேக்கரை இறக்கத்தில் கிரவுன் பல் நொறுங்கிச் சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்தது. இசக்கி பாறையில் மோதி நிறுத்தியதால் பின்னால் இருந்த கூலியாட்கள் பிழைத்தார்கள். நெற்றியில் கட்டோடு நிற்கிறவனைப் பார்த்து, என் ஷெட்டில் வைத்தே, "வண்டிய ஒடச்ச பயலுக்கு வேலை கெடையாது" என்கிறார் அந்த மனிதர்! உடைந்த பல்லையெல்லாம் அள்ளி அவர் காலடியில் கொட்டினேன். "ஊத்துனது நீரு. இசக்கி ஓட்டுனாத்தான் இந்த வண்டியில கை வைப்பேன். இல்லன்னா தள்ளிக்கிட்டுப் போவும்" என்றேன்.

ஜீப்பு அச்சைப் பிரிக்கத் தெரிந்தவன் அப்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நாலாம் நாள் இசக்கியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஆள் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

"சரிவே, இவனே ஓட்டட்டும். இவன்மேலயும் தப்பில்ல, நல்லெண்ணெய்மேலயும் தப்பில்ல. சனிக்கிழம ஊத்த வேண்டியதச் செவ்வாக்கிழம ஊத்திட்டேன்."

எத்தனையோ வண்டிக்குக் கிரவுன் மாற்றிவிட்டேன், 'என் தப்பு' என்று சொல்லும் முதலாளி வாய் ஒன்றை மட்டும் எந்தக் கடையிலும் வாங்கி மாட்ட முடியவில்லை.