மெழுகு நூலும் ஸ்மால் காஸ் கோர்ட்டும்

சவரிமுத்து அண்ணா, நீ இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாய். "ஊரெல்லாம் தமுக்கு அடிக்கிறியா?" என்று பேப்பரைப் பிடுங்கியிருப்பாய். நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு, அதுவும் கோயில் பள்ளிக்கூடத்தில். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வண்டிக்கு, மேலே கூரையாக மடக்கி விரிக்கிற ஹூடும் உட்காருகிற சீட்டும் தைக்கிற வேலையில் ஆறு வருஷமாக இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பெண்கள், "அக்கா, முதல்ல என்ன கத்துக்கணும்?" என்று கேட்கிறார்கள். ஊசி பிடிப்பதைக் கையில் காட்டிவிடலாம். இதைக் கையில் காட்ட முடியாது.

1. மெழுகு

அண்ணன் கன்டோன்மென்ட்டில் ஒரு மோட்டார் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தான். முதலாளி பெயர் மாசிலாமணி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு காக்ஸ் டவுனில் ஒரே ரூம் உள்ள வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மாவின் தையல் மிஷின் இருந்தது. ஷெட்டுக்குக் கிழிந்த ஹூடு வந்தால் அண்ணன் அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவான். நான் தைத்துக் கொடுப்பேன்.

ஹூடு மேல்துணியை மிஷினில் ஓட்டினாலும் ஓரத்தைக் கையால்தான் தைப்போம். நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இழுத்துவிட்டுத் தைக்க வேண்டும். ஊசி போன ஓட்டையை மெழுகு அடைத்துக்கொள்ளும், மழை சொட்டாது. இது பழகிப்போனால் கை தானாகவே மெழுகின் மேல் போகும். நூலைக் கோத்தால் இழுப்பு, கோத்தால் இழுப்பு.

உலகச் சண்டை வந்தது. பெட்ரோல் இல்லாமல் வண்டிகளுக்குப் பின்னால் கரிகேஸ் பிளான்ட் வைத்தார்கள். ஒரு இரும்பு டிரம்மில் அடுப்புக்கரியை எரித்து, அதில் வருகிற கேஸில் இஞ்சினை ஓட்டுவது. கேஸோடு சாம்பலும் வரும். அது இஞ்சினுக்குள் போனால் சிலிண்டரை அரம் போட்ட மாதிரி அராவிவிடும். அதைத் தடுக்க நடுவில் ஒரு துணிப்பை. பையின் வாயைக் குழாயில் மாட்டி ஒரு இரும்புக் கிளிப் போட்டு இறுக்குவார்கள். அந்தப் பை தைக்கிற வேலையும் எனக்கு வந்தது.

முதல் பைக்குத் துணி கொண்டுவந்த அன்றே அண்ணன் சொன்னான்.

"இதுக்கு மெழுகு போடாதே மரியா. கேஸு சூடா வரும். மெழுகு உருகிடுச்சுன்னா ஓட்டை எல்லாம் திறந்துக்கும். ரெண்டு மடிப்பு மடிச்சு, வெறும் நூல்ல நெருக்கிப் போடு."

"சரிங்க மேஸ்திரி."

"விளையாடாதே."

"நீ ஸ்பேனரைப் பாரு. நான் ஊசியைப் பாத்துக்கறேன்."

பத்துப் பன்னிரண்டு பை சரியாகத்தான் தைத்தேன். ஒரு மழை நாளில் மூன்று ஹூடும் ஒரு பையும் ஒன்றாக வந்தன. ஹூடுகளை முடித்த கையோடு பையை எடுத்தேன். பாதி ஓரம் போன பிறகு நூல் வழவழவென்று போகிறதே என்று பார்த்தேன். மெழுகு நூல்.

பிரித்திருக்க வேண்டும். பிரித்தால் துணியில் ஓட்டை நிற்கும், அந்தத் துணி வீண். கெட்டித் துணி எல்லாம் மில்ட்டரிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். வேறு துணி கேட்டால் மாசிலாமணி முதலாளி கத்துவார். பாதிதானே என்று நினைத்தேன். மீதியை வெறும் நூலில் முடித்துக் கொடுத்துவிட்டேன். தெரியாமல் ஆரம்பித்தேன், தெரிந்தே முடித்தேன். இதை அண்ணனிடம் சொல்லவில்லை.

2. கங்காதரய்யாவின் வண்டி

அந்தப் பை கங்காதரய்யாவின் வாடகைக் காருக்குப் போனது. ஸ்டேஷனிலிருந்து அத்திபெலே வரைக்கும் ஆள் ஏற்றி ஓட்டுகிறவர். அந்த ஒரு வண்டிதான் அவருக்குச் சோறு. ஒரு மாதம் கழித்து, கரி பிடித்த பையைக் கையில் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார். தைத்த ஹூடைக் கொடுக்க நானும் அங்கே போயிருந்தேன்.

"ஏன்றீ மாசிலாமணி! எஞ்சினு நாசமாப் போச்சுய்யா. மேடு ஏற மாட்டேங்குது, கிழவன் மாதிரி இருமுது. கழட்டிப் பாத்தா சிலிண்டரு பூரா கோடு கோடா இருக்குது. என் வயித்துல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

"ஈரக் கரியைப் போட்டு ஓட்டியிருப்பே. போய்யா பேஜார் பண்ணாம."

"ஈரக் கரியா? உன் கடையில தர்ற காப்பித் தண்ணியில இருக்கிற ஈரங்கூட என் கரியில இல்லை!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அண்ணன் பையைக் கேட்டுக் கையை நீட்டினான். கங்காதரய்யா கொடுக்கவில்லை.

"இது உங்க கைக்கு வராது. கோர்ட்டுல காட்டறேன்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான். "மெழுகு போட்டியா?"

"இல்லை."

"நிஜமா?"

"இல்லைன்னா இல்லை. ஊர்ல யார் தப்பு பண்ணாலும் உனக்கு என் மேலதான் சந்தேகம்."

அவன் நம்பிவிட்டான். மறுநாள் முதலாளியிடம் போய், "என் தங்கச்சி தையல்ல தப்பு இருக்காது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான்.

3. சத்தியம்

கங்காதரய்யா சொன்னபடி, சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கிற ஸ்மால் காஸ் கோர்ட்டில் கேஸ் போட்டார். இஞ்சினைச் சரி செய்து கொடுக்கிற செலவை மாசிலாமணி முதலாளி ஏற்க வேண்டும் என்று கேஸ். முதலாளியின் வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். பை ஷெட்டில் தைத்தது இல்லை, வெளியே தைத்து வாங்கியது, குறை இருந்தால் தைத்தவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்த வழி. என் பேருக்குச் சம்மன் வந்தது.

அண்ணன் முதலாளியிடம் மன்றாடினான். "கோர்ட்டுக் கூண்டுல தங்கச்சியை நிறுத்தாதீங்க முதலாளி. அதுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கேன்."

"யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும் சவரி. ஒண்ணு ஷெட்டு, இல்லைன்னா உன் தங்கச்சி. ஷெட்டு சொல்லாது."

கேஸுக்கு முந்தின நாள், மத்தியானம் சோறு போடும்போது நான் உண்மையைச் சொன்னேன். கூண்டில் நின்று பொய் சொல்லப் பயம். அதனால்தான் சொன்னேனே தவிர, மனசு நல்லதாகி இல்லை.

அண்ணன் சோற்றை முழுக்கச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டுக் கேட்டான்.

"எவ்வளவு தூரம்?"

"பாதி ஓரம்."

"பாதின்னா முழுசுதான்." அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோர்ட்டில் என்னை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். கதவு திறந்திருந்தது. முதலில் அண்ணனைக் கூப்பிட்டார்கள். ஜட்ஜ் இங்கிலீஷில் பேச, ஒருவர் தமிழில் மாற்றிச் சொன்னார். வேதப்புத்தகத்தைக் கொடுத்தார்கள். அண்ணன் வாங்கி, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு உதட்டில் வைத்து முத்தி செய்தான்.

வக்கீல் கேட்டார். "இந்தப் பையை யார் தைச்சது?"

"என் தங்கச்சி."

"தையல்ல குறை இருந்துதா?"

"இல்லீங்க. தையல் சரியாத்தான் இருந்துது."

"அப்போ சாம்பல் எப்படி உள்ள போச்சு?"

"நான் கிளிப்பை இறுக்காம விட்டுட்டேன். தப்பு என்னுது."

"டேய்!" என்று முதலாளி எழுந்துவிட்டார். சேவகன் அவரை உட்கார வைத்தான். ஜட்ஜ் ஏதோ சொன்னார். தமிழில் மாற்றிச் சொல்கிறவர், "நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. சத்தியம் பண்ணியிருக்கே" என்றார்.

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

கேஸ் அதோடு முடிந்தது. தப்பு ஷெட்டு ஆளுடையது என்பதால், செலவை முதலாளி கொடுக்க வேண்டும் என்று கங்காதரய்யா பக்கம் தீர்ப்பு ஆனது. என்னைக் கூப்பிடவே இல்லை.

அண்ணன் எந்த வேலை முடித்தாலும் கிளிப்பை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன். வெளியே வந்ததும் முதலாளி சொன்னார். "பதினோரு வருஷம் ஸ்பேனர் பிடிச்சவனுக்குக் கிளிப்பு இறுக்கத் தெரியலையா? நாளையிலேருந்து ஷெட்டுப் பக்கம் வராதே."

வேறு ஷெட்டுகளிலும் எடுக்கவில்லை. அதற்குள் அவனுக்கு 'கிளிப்பு சவரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். ரோட்டில் போனாலே, "சவரி, சட்டைப் பொத்தானையாவது இறுக்கிப் போட்டியா?" என்று கேட்பார்கள். அவன் பொத்தானைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போவான்.

4. நன்மை வாங்காத ஞாயிறுகள்

அந்த வாரத்திலிருந்து பூசைக்கு என்னோடு வருவான், ஆனால் சாமியார் கொடுக்கிற அப்பத்தை, நன்மையை, வாங்க எழுந்து போக மாட்டான். பாவத்தை மனசில் வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. எல்லோரும் போகும்போது கடைசி பெஞ்சில் முழங்காலில் இருப்பான். மூன்றாவது ஞாயிறு நான் கேட்டேன்.

"போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிடேன் அண்ணா."

"பண்ணா சாமியார் என்ன சொல்லுவாரு? போய் நிஜத்தைச் சொல்லிட்டு வான்னு சொல்லுவாரு. அப்புறம் உன்னை இழுப்பாங்க. உன் கல்யாணம் முடியட்டும். அப்புறம் போய் மொத்தமாச் சொல்லிக்கறேன்."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"எனக்கு என்னடி ஆகப்போகுது? எருமை மாதிரி இருக்கேன்."

நானே அன்றைக்குப் போய் ஜட்ஜிடமோ கங்காதரய்யாவிடமோ உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அண்ணன் அடுத்த ஞாயிறே எழுந்து போயிருப்பான். எனக்கு மாப்பிள்ளை வீட்டு நினைப்பு, மானம் போகுமே என்கிற நினைப்பு. சும்மா இருந்தேன்.

கடைசியில் ஒரு கரிகேஸ் லாரியில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. ஓசூர் ரோட்டில் மூட்டை ஏற்றிப் போகும் லாரி. ஒரு சாயங்காலம் அத்திபெலேயில் பெரிய மழை. டிரைவர் கடைக்குள் ஒதுங்கினார். அடுப்பு அணையக்கூடாது என்று அண்ணன் லாரியிலேயே இருந்தான். சாரல் அடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிக்கொண்டான். கரிகேஸுக்கு வாசனை கிடையாது. குழாயில் எங்கோ ஒரு மூட்டு விட்டு, கேஸ் உள்ளே கசிந்திருந்தது. மழை விட்டு டிரைவர் வந்து தார்ப்பாயை அவிழ்த்தபோது அண்ணன் உட்கார்ந்தபடியே போயிருந்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கரிகேஸ் மூச்சில் ஏறிப் போனவர்களுக்கு முகம் சிவந்து நன்றாக இருக்குமாம். அப்படித்தான் இருந்தது. "தூங்குற மாதிரி இருக்கானே" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதல் இல்லை, பக்கத்தில் ஒரு ஜெபம் சொல்ல ஆள் இல்லை. வேதப்புத்தகத்தை முத்தி செய்து என் பொருட்டுச் சொன்ன பொய்யோடு போய்விட்டான்.

சாமியாரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். "கடைசி மூச்சில் அவன் தன் பாவத்துக்காக மனஸ்தாபப்பட்டிருப்பான், அது சர்வேசுரனுக்குத் தெரியும்" என்றார். பிறகு, "நீ சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார்.

முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு, "இனிமே என்னம்மா பண்றது?" என்று உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொன்னேன். அவர்கள் பிறகு வரவில்லை. கங்காதரய்யா வீட்டுக்குப் போனபோது அவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். "அது கிளிப்பு இல்லைங்க, நான் போட்ட மெழுகு நூல்" என்றேன்.

அவர் துணியைப் பிழிந்து மட்கார்டு மேல் போட்டார்.

"கிளிப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும்மா."

"எப்படி?"

"நான்தானே கழட்டினேன். திருகு வரவே இல்லை, சுத்தியால தட்டித்தான் கழட்டினேன். அவ்வளவு இறுக்கமாப் போட்டிருந்தான் உங்கண்ணன். கோர்ட்டுல அவன் அப்படிச் சொன்னப்போ நான் நாலடி தள்ளி நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா கேஸு இழுத்துக்கும், வண்டி இன்னும் எத்தனை மாசம் நிக்குமோன்னு வாயை மூடிக்கிட்டேன். நானுந்தான் அன்னிக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன்."

பிறகு அவர் கேட்டார். "இப்படிப் போனவங்களுக்கு உங்க கோயில்ல என்ன செய்வீங்க?"

"வேண்டிக்குவோம்."

"நான் எங்க சாமிகிட்ட வேண்டிக்கலாமா? நான் வேண்டினா அவனுக்குப் போய்ச் சேருமா?"

"வேண்டிக்குங்க" என்றேன்.

வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தப்பாகத் தைத்துவிட்டால், நடு ஓரத்தில் இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். துணி வீணாகட்டும். முதலாளி கத்தட்டும். வண்டி ஷெட்டை விட்டுப் போவதற்குள் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால், உங்கள் மேல் பிரியம் உள்ளவர் யாராவது அதைச் சுமக்க வேண்டி வரும்.

இதைப் படிக்கிறவர்கள் என் அண்ணனுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறை மந்திரமும் சொல்லுங்கள். அந்த ஜெபம் தெரியாதவர்கள், வேறு கோயிலுக்குப் போகிறவர்கள், உங்களுக்குத் தெரிந்த மாதிரி வேண்டிக்கொள்ளுங்கள். அவன் சொன்ன பொய்யை அவன் கணக்கில் வைக்க வேண்டாம், என் கணக்கில் வைக்கட்டும் என்று கேளுங்கள். நான் ஒருத்தி தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.