பல்வலி என்று நான் சொன்ன இடம்

அன்றைக்கு எங்கள் காரைக்குடி வீட்டில் இருந்தது நாலு பேர்: நான், என் மாமியார், கொழுந்தனார் பெண்டாட்டி, எதிரே குடியிருந்த ராவுத்தர் வீட்டு அக்கா. அறுபதுகளின் கடைசி. மற்ற மூன்று பேரும் புளியில் கொட்டை எடுத்தார்கள், நான் வாசித்தேன். ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான், ஆனாலும் அந்தக் கூட்டத்தில் திக்காமல் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான்.

எப்போதும் குடும்பக் கதைதான் வாசிப்போம். அந்த வாரம், சைக்கிளில் வாடகைப் புத்தகம் கொண்டுவருகிறவர், "எப்பப் பாத்தாலும் மாமியா மருமக சண்டையே வாசிக்கிறீக. ஒரு தடவை இதைப் பாருங்க, சோறு தண்ணி மறந்துருவீக" என்று, காட்டிலாகா அதிகாரி ஒருத்தர் எழுதிய அனுபவங்களைத் திணித்துவிட்டுப் போனார்.

நன்றாகத்தான் போனது. யானை குடிசைக் கூரையைப் பிரித்து உப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தைத் திருப்பினேன், பகீரென்றது. அதே யானை காட்டுக் காவல்காரர் ஒருத்தரை மிதித்துக் கொன்றிருந்தது.

கொழுந்தனார் பெண்டாட்டிக்கு அப்போது எட்டு மாசம். முதல் பிள்ளை பிறக்கும்போதே இறந்திருந்தது. அவள் காதில் சாவைப் போடலாமா? ரெண்டு பக்கத்தைத் தாண்டினேன். அங்கே காவல்காரர் பெண்டாட்டி அழுதுகொண்டிருந்தாள்.

"எதுக்கு அழுகுறா?" என்றார் ராவுத்தர் வீட்டு அக்கா.

"பல்வலியாம்."

அடுத்த பத்தியில் அதிகாரி அவளுக்குச் சர்க்கார் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"பல்வலிக்கு வேலை குடுக்குறாகளா? அப்ப எனக்குக் கலெக்டர் வேலையே குடுக்கணும்" என்றார் மாமியார்.

கொழுந்தனார் பெண்டாட்டி சிரிக்கவில்லை. "அவ வீட்டுக்காரரு செத்துட்டாரா அக்கா?"

"ஒண்ணுமில்லை" என்றேன்.

"போன பேறுகாலத்துலயும் எல்லாரும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னீக. மறைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. வாசிங்க."

மாமியாரைப் பார்த்தேன், அவர் புளியைப் பார்த்தார். வாசிக்கவா, மூடி வைக்கவா, ஒன்றும் ஓடவில்லை. கடைசியில் விட்ட பக்கத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் வாசித்தேன்.

"பாவம்" என்றாள். அடுத்த புளியைக் கையில் எடுத்தபடி, "அந்த யானையை என்ன செஞ்சாக?" என்றாள்.

ஒன்பதாம் மாசம் காளையார்கோவில் தாய்வீட்டுக்குப் போனபோது புத்தகத்தையும் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். பிடுங்கவா, விடவா என்று பஸ் நகர்கிறவரை எனக்குக் குழப்பம். அப்புறம் தெருவில் எந்த சைக்கிள் மணி கேட்டாலும் தந்தியோ என்று வாசலுக்கு ஓடுவேன்.

பெண் பிள்ளை, ரெண்டு பேரும் சுகம் என்று ஆள் வந்து சொன்னார். அதே மாதிரி இன்னொரு காட்டுப் புத்தகம் இருந்தால் அனுப்பச் சொன்னாளாம். முதல் புத்தகத்தை அவள் திருப்பித் தரவில்லை. அது அவளுக்குத் தைரியம் கொடுத்ததா, இல்லை அதையும் மீறித்தான் எல்லாம் நல்லபடி நடந்ததா, எனக்கு இன்னமும் தெளியவில்லை.

புத்தகக்காரரிடம் விவரம் சொன்னேன். "பிள்ளை பெத்தவுக வாசிக்கட்டும், பொறவு பாத்துக்கிறலாம்" என்றார். வாடகை நாளுக்கு அஞ்சு பைசா. கொஞ்ச நாளில் அவர் தொழிலை விட்டு ஊரைவிட்டே போய்விட்டார், அந்த நாள்வரை கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கி நாலு ரூபாய் அஞ்சு பைசா.