இலை போடாத சாவு

எங்கேயாவது நிலம் ஆடினாலோ கடல் ஊருக்குள் புகுந்தாலோ, பத்திரிகைக்காரர்கள் பழைய கணக்கையெல்லாம் எடுத்துப் போடுகிறார்கள். லிஸ்பனில் பூமி ஆடியது, கடல் ஏறியது, தீயும் பிடித்தது. மெசினாவில் ஊரே போனது. ஜப்பான், பீகார் என்று வரும் அந்த வரிசையில் குவெட்டாவும் இருக்கும். 1935. பல்லாயிரம் பேர் செத்தார்கள் என்று போடுவார்கள். அந்தப் பல்லாயிரத்தில் என் புருஷனும் ஒருவன் என்று நம்பி என் வாழ்க்கையில் நல்ல பாகத்தைத் தொலைத்தவள் நான்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பட்டாளத்துக் காண்டிராக்டர் ஒருவரிடம் சமையல் வேலை என்று அவன் குவெட்டாவுக்கு ரயிலேறினான். நான் கடத்தூருக்குப் பக்கத்தில் மாமனார் மாமியாரோடு இருந்தேன். கேழ்வரகுக் காடு, ஒரு கிணறு, நாலு மாடு. வேலை செய்ய நான்.

விடிவதற்கு முன்னே ஆடியதாம். தூங்கினவர்கள் தூக்கத்திலேயே போனார்கள். பட்டாளம் ஊரை வளைத்துக்கொண்டு யாரையும் உள்ளே விடவில்லை. பிழைத்தவர்களை ரயிலேற்றி அனுப்பியது. அப்படித் திரும்பி வந்த எங்கள் பக்கத்து ஆட்கள், அவன் படுத்திருந்த பஜார் தெருவில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை என்றார்கள். அவ்வளவுதான். பெண்கள் கூடி அழுதார்கள். கருமாதி வரைக்கும்கூடப் பொறுக்காமல் என் தாலியை எடுத்தார்கள்.

கருமாதிக்கு நாள் குறித்தோம். சாமான் வாங்க மாமனார் கடத்தூர் சந்தைக்குப் போனார். வெறும் பையோடு திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"சாமான் எங்கீங்க மாமா?" என்றேன்.

"ஒடம்பக் காணாம கருமாதி பண்ணக் கூடாதாம்மா. பெரியவங்க சொல்றாங்க. அப்பறம் பாக்கலாம்."

எந்தப் பெரியவர் என்று நான் கேட்கவில்லை. அப்போதெல்லாம் நான் எதையும் கேட்கமாட்டேன்.

எங்கள் ஜனத்தில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்ளலாம். பாவமில்லை, கேவலமில்லை. ஆனால் செத்தவனுக்குக் கருமாதி முடிந்திருக்க வேண்டும். என் அப்பா ஊரான நல்லம்பள்ளியில் பெண்டாட்டியை இழந்த உறவுக்காரர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல மனுஷன். என் அப்பா அவருக்காக வந்து பேசினார்.

"கருமாதி ஆவாத பொண்ணு கழுத்துல தாலி எப்படிங்க ஏறும்?" என்றாள் மாமியார். அப்பா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருஷமும் வந்தார், அதே பதில். அந்த மனுஷன் எவ்வளவு நாள்தான் காத்திருப்பார்? வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டார்.

நான் களை எடுத்தேன், மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். பூ இல்லை, மஞ்சள் இல்லை, நல்ல காரியம் நடக்கும் வீட்டு வாசலில் நிற்க முடியாது. செத்தவனின் பெண்டாட்டிக்கு என்னென்ன உண்டோ எல்லாம் எனக்கு உண்டு. செத்தவனுக்கு உரியது மட்டும் அவனுக்குக் கிடையாது.

இதை நான் கவனித்தது படையலில்தான். புரட்டாசி அமாவாசைக்குச் செத்தவர்களுக்கு ஆளுக்கொரு இலை போடுவோம். மாமனாரின் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பிறந்து சில மாதத்தில் போன அவர் தங்கைக்குக்கூட ஒன்று. அவனுக்கு இல்லை. மாமியார் அவன் பெயரைச் சொல்லி அழுததையும் நான் பார்த்ததில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். அவ்வளவு மடச்சி நான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு புரட்டாசி. அரிசிக்குப் பஞ்சம். இருந்த சோற்றை இலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தோம். மாமனார் கற்பூரம் ஏற்றப் போனார். நான் இன்னொரு இலையைக் கொண்டுவந்து கடைசியில் போட்டேன்.

"ஆருக்கும்மா அது?" என்றார்.

"ஒங்க மவனுக்குங்க. கருமாதிதான் இல்ல. ஒரு வாய் சோறாச்சும் வெக்கிறன்."

சோற்றை வைத்து, அவன் பெயரைச் சொல்லிக் கும்பிடக் கையைத் தூக்கினேன். மாமியார் பாய்ந்து வந்து இலையை இழுத்தாள். சோறு தரையில் சிதறியது.

"எடுடி அந்த எலைய, பாதகத்தி! உசுரோட இருக்கறவனுக்கு எலை போட்டா அவன் ஆயுசு என்னாடி ஆவறது?"

"வாய மூடு!" என்று மாமனார் கத்தினார்.

எதை மூடுவது? வெளியே வந்துவிட்டது. கருமாதிச் சாமான் வாங்கப் போன அன்றைக்குச் சந்தையில், குவெட்டாவிலிருந்து கராச்சி வழியாகப் பிந்தி வந்த ஓர் ஆள் மாமனாரிடம் சொல்லியிருக்கிறான். இவன் சாகவில்லை. பூகம்பத்துக்கு முன்னேயே ஒருத்தியோடு கராச்சிக்குப் போய்விட்டான். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அவ்வளவு பேர் மண்ணுக்குள் கிடந்தார்கள், அவர்களுக்குள் இவன் ஒளிந்துகொண்டான்.

"தாலி அறுத்த பொறவுதாம்மா எனக்கே தெரியும். அறுத்தத எப்படித் திருப்பிக் கட்டறது? ஊரு சிரிக்காதா?" என்றார் மாமனார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒனக்கு என்னா கொறை வெச்சோம்? எங்க மவளாட்டம்தான வெச்சிருந்தோம்."

"மவளா இருந்தா சொல்லாம இருந்திருப்பீங்களா மாமா?"

மாமியார் சிதறின சோற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அரிசிப் பஞ்சம் அல்லவா.

கட்டின புடவையோடு நல்லம்பள்ளிக்கு நடந்தேன். அப்பா வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல சேதிதானம்மா! மாப்ள இருக்காரு. நீ தாலி அறுத்தவ இல்ல."

"அவன் இன்னொருத்தி கூட இருக்கான்ப்பா."

"ஆம்பளைங்கன்னா அப்படித்தான். ஒருநா வருவாரு. புருசன் உசுரோட இருக்க இனி ஒனக்கு வேற கல்யாணம்னு பேச்சே எடுக்க முடியாது. ஒரு கயித்தக் கட்டிக்கினு அங்கயே போயி இரு."

செத்தான் என்றபோது கருமாதி ஆகவில்லை என்று கட்டிவைத்தார்கள். இருக்கிறான் என்றதும் இருக்கிறானே என்று கட்டிவைக்கப் பார்த்தார்கள். குவெட்டாக்காரர்களுக்கு வீடு ஒரு தரம்தான் இடிந்து விழுந்தது.

மறுநாள் அப்பா கடைக்குப் போய் மஞ்சள் கயிறு வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துப் போய், பட்டியில் நின்ற ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டினேன். அவர் அடிக்கக் கையை ஓங்கினார். நான் நகரவில்லை. கை இறங்கிவிட்டது.

அந்த வாரமே பக்கத்துக் காட்டில் களை எடுக்கக் கூலிக்குப் போனேன். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டுதான் போனேன். "புருசன் வந்துட்டாரா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்ல. நான்தான் வந்துட்டேன்" என்றேன்.